அழுத்திப் பொருத்திய எவர்சில்வர் கசிவது ஏன்?



உலக்கையைப் பார்த்திருப்பீர்கள். அதன் நுனியில் ஓர் இரும்பு வளையம் இருக்கும். அதற்குப் பூண் என்று பெயர். பூணுக்குப் பசை போடுவதில்லை. பூணின் துளை கொஞ்சம் சிறியது. உலக்கையின் நுனி கொஞ்சம் பெரியது. இறுக்கி அடித்து ஏற்றுவார்கள். பிறகு எத்தனை முறை நெல் குத்தினாலும் பூண் லேசில் கழலாது.

மாட்டு வண்டிச் சக்கரத்திலும் இதே வித்தைதான். மரச் சக்கரத்தைவிட இரும்புப் பட்டாவைச் சற்றுச் சிறியதாகச் செய்வார்கள். அதை நெருப்பில் போட்டுச் சூடாக்குவார்கள். சூட்டில் பட்டா விரியும். விரிந்த பட்டாவைச் சக்கரத்தின் மேல் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டா சுருங்கி மரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும்.

சிறிய துளைக்குள் கொஞ்சம் பெரிய பொருளை ஏற்றுவது. நம் முன்னோருக்குத் தெரிந்த இந்த வேலைக்கு இன்றைய பட்டறையில் 'பிரஸ் ஃபிட்' என்று பெயர். பெங்களூரின் பீன்யா, புனேயின் போசரி, குஜராத்தின் ராஜ்கோட் போன்ற இடங்களில் ஆயிரக்கணக்கான சிறு பட்டறைகள் இருக்கின்றன. வால்வு, பம்பு, இயந்திர பாகங்கள் எல்லாம் இப்படிப்பட்ட பட்டறைகளில் செய்யப்படுகின்றன. உங்களில் சிலர் அங்கே லேத்தில் நிற்கலாம். சிலர் பிரஸ்ஸில் உட்காரலாம். சிலருடைய பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போகலாம். இந்தப் பாடம் உங்களுக்காக.

ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். ஓர் எவர்சில்வர் கட்டை. அதன் உள்ளே வெந்நீர் போக வழி வேண்டும். அந்த வழி உள்ளேயே மூலை திரும்பிப் போக வேண்டும். டிரில் நேராகத்தான் போகும், மூலையில் திரும்பாது. ஆகவே இரண்டு பக்கத்திலிருந்து துளை போடுவார்கள். இரண்டு துளைகளும் உள்ளே சந்திக்கும். இப்போது தண்ணீருக்கு வழி கிடைத்துவிட்டது. ஆனால் டிரில் நுழைந்த ஒரு வாய் வெளியே திறந்து கிடக்கிறது. அந்த வாயை உருண்டையான ஓர் எவர்சில்வர் துண்டால் அடைப்பார்கள். அதை அடைப்பான் என்று சொல்வோம். பிரஸ்ஸில் வைத்து அழுத்தினால் அடைப்பான் உள்ளே போய் இறுகிவிடும்.

அங்கேதான் தொல்லையும் தொடங்குகிறது. பத்து ஜாப்பில் எட்டு நன்றாக இருக்கும். இரண்டு கசியும். ஏன் என்று யாருக்கும் தெரியாது.

"இன்னும் நல்லா அழுத்தும்மா"

பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது.

"அண்ணே, இந்த ஜாப் கசியுது."

"இன்னொரு தடவை பிரஸ்ல வெச்சு நல்லா அழுத்தும்மா."

"அழுத்தியாச்சுண்ணே. திரும்பவும் கசியுது."

"அப்படின்னா சுத்தியால ரெண்டு தட்டு தட்டு."

எத்தனை தட்டினாலும் இந்தக் கசிவு நிற்காது. ஏன்? பிரஸ் அடைப்பானை எந்தத் திசையில் தள்ளுகிறது? மேலிருந்து கீழே. அதாவது நெடுக்காக. ஆனால் கசிவைத் தடுக்கும் இறுக்கம் எந்தத் திசையில் இருக்கிறது? குறுக்கே. துளையின் சுவர் நாலா பக்கமும் அடைப்பானை நெருக்குகிறதே, அந்த நெருக்கம்தான் தண்ணீரைத் தடுக்கிறது. மேலிருந்து எவ்வளவு அழுத்தினாலும் அந்த நெருக்கம் கூடாது. அடைப்பான் இன்னும் கொஞ்சம் கீழே போகும், அவ்வளவுதான். சுத்தியால் தட்டினால் அடைப்பான் சாயும். சாய்ந்தால் கசிவு அதிகமாகும்.

ஆக, கசியுமா கசியாதா என்பது பெரும்பாலும் பிரஸ்ஸுக்கு வருவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. துளை என்ன அளவு? அடைப்பான் என்ன அளவு? இரண்டின் மேற்பரப்பும் எப்படி இருக்கிறது? இவைதான் கேள்வி.

இன்னொன்றையும் யோசியுங்கள். உலக்கைப் பூண் இறுகப் பிடித்திருக்கிறது. ஆனால் அந்த உலக்கையைத் தண்ணீரில் போட்டால் பூணுக்கும் மரத்துக்கும் நடுவே ஈரம் இறங்கும். பூணுக்குப் பிடித்தால் போதும். நம் அடைப்பானுக்குப் பிடிக்கவும் வேண்டும், தண்ணீரையும் தடுக்க வேண்டும். பிடிப்பதற்கு ஆங்காங்கே தொட்டால் போதும. தண்ணீரைத் தடுக்கச் சுற்றிலும், ஓர் இடம் விடாமல் தொட வேண்டும்.

மயிரிழைக்கும் குறைவான கணக்கு

டிராயிங்கில் இப்படி எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம்:

துளை: 25.000 முதல் 25.021 வரை
அடைப்பான்: 25.035 முதல் 25.048 வரை

இது மில்லிமீட்டர் கணக்கு. 25.035 என்பதை 'இருபத்தைந்து புள்ளி பூஜ்யம் மூன்று ஐந்து' என்று படிக்க வேண்டும். புள்ளிக்குப் பிறகு மூன்று இடங்கள் இருக்கின்றன. மூன்றாவது இடம், ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கி அதில் ஒரு பங்கு. அதற்கு மைக்ரான் என்று பெயர்.

அடைப்பான் அளவிலிருந்து துளை அளவைக் கழியுங்கள். கிடைப்பதுதான் இறுக்கம்.

மிகப் பெரிய துளையும் மிகச் சிறிய அடைப்பானும் சேர்ந்தால்: 25.035 − 25.021 = 0.014. இதுதான் மிகக் குறைந்த இறுக்கம்.

மிகச் சிறிய துளையும் மிகப் பெரிய அடைப்பானும் சேர்ந்தால்: 25.048 − 25.000 = 0.048. இதுதான் மிக அதிக இறுக்கம்.

தலைமயிர் ஒன்றின் தடிமன் சுமார் 0.07 மில்லிமீட்டர். நம் கணக்கில் மிக அதிக இறுக்கம்கூட ஒரு மயிரின் தடிமனுக்குக் குறைவுதான்! கண்ணால் பார்த்து, விரலால் தடவி, "சரியாத்தான் இருக்கு" என்று சொல்ல இங்கே இடம் இல்லை. எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் முடியாது.

வெர்னியர் போதுமா? போதாது. பட்டறையில் பொதுவாக இருக்கும் வெர்னியர் 0.02 வரைதான் காட்டும். நமக்கு வேண்டிய இறுக்கமோ 0.014-இல் தொடங்குகிறது. மரக்காலை வைத்துக்கொண்டு குங்குமப்பூ அளப்பது போல ஆகிவிடும். அடைப்பானை அளக்க, ஆயிரத்தில் ஒரு பங்கைக் காட்டும் மைக்ரோமீட்டர் வேண்டும். துளையை அளக்க போர் கேஜ் வேண்டும். போர் கேஜ் இல்லாத இடத்தில் பிளக் கேஜ் வைத்திருப்பார்கள். அதற்கு இரண்டு முனை. 'கோ' முனை துளைக்குள் போக வேண்டும். 'நோ கோ' முனை போகக் கூடாது. இரண்டு முனையும் போனால் துளை பெரிதாகிவிட்டது என்று பொருள். அந்த ஜாப்பைத் தனியே எடுத்து வையுங்கள்.

துளை வட்டமாக இல்லாமல் முட்டை போலவும் இருக்கலாம். அதனால் ஒரே இடத்தில் அளந்தால் போதாது. கிழக்கு மேற்காக ஒரு முறை, வடக்கு தெற்காக ஒரு முறை அளக்க வேண்டும். மேலே, கீழே இரண்டு இடத்திலும் அளக்க வேண்டும்.

இறுக்கம் அதிகமானால் நல்லதுதானே என்று தோன்றும். அது தவறு. அளவுக்கு மீறி இறுக்கினால் கட்டையின் சுவர் நிரந்தரமாக விரிந்துவிடும். விரிந்த சுவர் திரும்பி வந்து நெருக்காது. இடுப்பில் ரொம்ப இழுத்துக் கட்டிய ரப்பர் நாடா தளர்ந்துபோகிறதே, அது போல. சுவர் மெல்லியதாக இருந்தால் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

சூடான ஜாப்பை அளக்காதீர்கள்

இது பலர் கவனிக்காத விஷயம். அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

லேத்தில் கடைந்து முடித்த அடைப்பான் சூடாக இருக்கும். கையில் எடுத்தால் சுடும். அவசரத்தில் அப்போதே அளப்போம். மைக்ரோமீட்டர் 25.036 என்று காட்டும். டிராயிங்குக்குச் சரியாக இருக்கிறது. கூடையில் போட்டுவிடுவோம்.

ஆனால் வண்டிப் பட்டாவை நினைத்துப் பாருங்கள். சூட்டில் விரிந்தது, ஆறியதும் சுருங்கும். எவர்சில்வரும் அப்படித்தான். சாதாரண இரும்பைவிட இது அதிகமாகவே விரியும். 25 மில்லிமீட்டர் எவர்சில்வர் 40 டிகிரி ஆறினால் சுமார் 0.017 மில்லிமீட்டர் சுருங்கும். சூட்டில் 25.036 காட்டிய அடைப்பான் ஆறிய பிறகு 25.019 ஆகிவிடும். துளை 25.021 என்றால்? இறுக்கமே இல்லை! அடைப்பான் தானாகவே உள்ளே விழும். துளை அதைவிடக் கொஞ்சம் சிறியது என்றால் இறுக்கம் கொஞ்சம் கிடைக்கும். பிரஸ்ஸில் ஏறும். பார்க்க நன்றாக இருக்கும். பிறகு கசியும்.

காலை முதல் ஜாப் நன்றாக இருக்கிறது, மதியத்துக்கு மேல் கசிகிறது என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். அளக்கும் கருவியும் ஜாப்பும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஜாப்பை இரும்பு மேசையில் வைத்து ஆற விடுங்கள். டீ குடித்துவிட்டு வந்து அளங்கள்.

திருகு போல ஒரு வழி

அளவு சரி. ஆனாலும் கசிகிறது. ஏன்?

அடைப்பானின் மேற்பரப்பை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். லேத் உளி போன தடம் மெல்லிய கோடு கோடாகத் தெரியும். அந்தக் கோடுகள் தனித்தனி வளையங்கள் என்று நினைப்போம். அப்படி இல்லை. உளி நகர்ந்துகொண்டே வெட்டுவதால், ஒரே கோடு சுற்றிச் சுற்றி ஒரு முனையிலிருந்து மறு முனை வரை போகிறது. திருகாணியின் மரையைப் போல. தண்ணீருக்கு அது ஒரு சுழல் படிக்கட்டு. மெதுவாக ஏறி வெளியே வந்துவிடும். இந்தக் கசிவு உடனே தெரியாது. காலையில் வேலை தொடங்கினால் மாலையில் ஒரு முத்துப் போலத் துளி நிற்கும்.

ஆகவே கடைசி வெட்டு மிக மெல்லியதாக இருக்க வேண்டும். துளையை ரீமர் போட்டு முடிக்க வேண்டும். அடைப்பானைத் தேய்த்து மழமழப்பாக்க வேண்டும். எமரித் தாளால் தேய்த்தால் சுற்றுவாக்கில் தேயுங்கள். நெடுக்காகத் தேய்க்கவே கூடாது. நெடுக்குக் கீறல் ஒன்றே ஒன்று போதும், அது தண்ணீருக்கு நேர் பாதை. கூடையில் அடைப்பான்களைக் கொட்டிக் குலுக்கினால் ஒன்றோடு ஒன்று உரசி இந்தக் கீறல்தான் விழும். காய்கறி போலக் கொட்டாமல் முட்டை போல அடுக்கி வையுங்கள்.

துளையின் வாயில் பிசிறு இருந்தால் எடுத்துவிடுங்கள். பிசிறு அடைப்பானோடு சேர்ந்து உள்ளே இழுபட்டு நெடுகக் கீறிவிடும். அடைப்பானின் முன் விளிம்பைச் சரிவாகச் சீவியிருக்க வேண்டும். இதைப் பட்டறையில் சேம்பர் என்பார்கள். சரிவு இருந்தால் அடைப்பான் வழுக்கிக்கொண்டு நேராக நுழையும். சரிவு இல்லாத கூர் விளிம்பு துளையின் சுவரைச் சுரண்டிக்கொண்டே போகும்.

பிசிறு எடுக்கச் சாதாரண இரும்புப் பிரஷ் வேண்டாம். அதிலிருந்து இரும்புத் தூள் எவர்சில்வரில் ஒட்டும். பிறகு அந்த இடம் துருப்பிடிக்கும். எவர்சில்வர் கம்பியால் செய்த பிரஷ்ஷைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

எவர்சில்வரின் குணம்

உங்கள் வீட்டு டம்ளரைக் கவிழ்த்துப் பாருங்கள். சில பாத்திரங்களின் அடியில் 18/8 என்று இருக்கும். சுமார் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு குரோமியம், எட்டுப் பங்கு நிக்கல் கலந்தது என்று அர்த்தம். பட்டறையில் 304 என்று சொல்வது இந்த வகையைத்தான். குரோமியம் காற்றோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய தோலை உண்டாக்குகிறது. அந்தத் தோல்தான் துருவைத் தடுக்கிறது.

பிரஸ்ஸில் எவர்சில்வரோடு எவர்சில்வர் இறுக்கி உரசும்போது இந்தத் தோல் கிழிகிறது. இரண்டு பச்சை உலோகமும் நேருக்கு நேர் தொடுகின்றன. உடனே ஒட்டிக்கொள்கின்றன. பிரஸ் தள்ளத் தள்ள, ஒட்டிய இடம் பிய்ந்து ஆழமான கோடு விழுகிறது. 'ஜாம் ஆயிடுச்சு' என்று சொல்வோமே, அதுதான் இது. பாதியில் ஜாம் ஆன அடைப்பானை வெளியே எடுத்தால் உழுத வயல் போல இருக்கும். அதைத் திரும்பப் போடவே கூடாது. துளையும் கெட்டிருக்கும்.

இதைத் தடுக்க எண்ணெயோ கிரீஸோ தடவ வேண்டும். குடிநீர், பால் போகும் பாகம் என்றால் உணவுக்கு ஏற்ற கிரீஸ்தான் தடவலாம். டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். அடைப்பான் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு மெதுவாக, நடுவில் நிறுத்தாமல், ஒரே ஓட்டமாக அழுத்துங்கள். பிரஸ்ஸில் அழுத்தம் காட்டும் டயல் இருந்தால் முள்ளின் மேல் ஒரு கண் வையுங்கள். முள் சீராக ஏறினால் சரி. திடீரென்று எகிறினால் ஜாம் ஆகிறது, அல்லது சாய்கிறது. முள் எழும்பவே இல்லை என்றால் இறுக்கம் போதவில்லை. டயல் பொய் சொல்லாது. மேஸ்திரி அவசரப்படுத்தினாலும் டயலைக் கேளுங்கள்.

வண்டிப் பட்டா முறையும் உண்டு. கட்டையைச் சூடாக்கினால் துளை விரியும். நம் 25 மில்லிமீட்டர் துளையை 170 டிகிரி அதிகம் சூடாக்கினால் சுமார் 0.07 விரியும். அடைப்பான் உரசாமலே உள்ளே இறங்கும். ஆறியதும் இறுகும். உரசல் இல்லாததால் கீறல் இல்லை, ஜாமும் இல்லை. என்னைக் கேட்டால் இதுதான் சிறந்த முறை. ஆனால் சூட்டடுப்பு வேண்டும், கனமான கையுறை வேண்டும். கேஸ் விளக்கை ஒரே பக்கம் காட்டிச் சூடாக்கினால் துளை கோணலாக விரியும். எவர்சில்வரில் மஞ்சள், நீல நிறம் ஏறினால் சூடு அளவுக்கு மீறிவிட்டது.

பசை போடலாமா?

போடலாம். இதற்கென்றே ஒரு பசை இருக்கிறது. பொருத்திய பாகத்தைப் பிடித்து நிறுத்தும் பசை இது. மேற்பரப்பின் நுண்ணிய பள்ளங்களை நிரப்பி, நாம் பார்த்த சுழல் படிக்கட்டையும் அடைத்துவிடும். இதன் குணம் வேடிக்கையானது. காற்று பட்டால் திரவமாகவே இருக்கும். காற்றுப் புகாத இடுக்கில், உலோகம் தொட்டால்தான் இறுகும். அதனால்தான் பாட்டிலை முழுக்க நிரப்பாமல் விற்கிறார்கள். பாட்டில் குறைவாக இருக்கிறதே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்!

எவர்சில்வரில் இந்தப் பசை மெதுவாகத்தான் இறுகும். அதற்குத் தூண்டு மருந்து ஒன்றை முதலில் தடவச் சொல்வார்கள். முழுப் பலம் வரப் பொதுவாக ஒரு நாள் ஆகும். இன்று மாலை ஒட்டி இன்று மாலையே சோதித்தால் கசியத்தான் செய்யும். பசை போட்டால் எண்ணெய் தடவக் கூடாது. எண்ணெய் மேல் பசை ஒட்டாது. அழுத்தும்போது பசையே வழுக்கிக் கொடுக்கும். பல வகைகள் சுமார் 150 டிகிரி வரைதான் தாங்கும். குடிநீருக்கு ஏற்றதா, எவ்வளவு சூடு தாங்கும், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதெல்லாம் பாட்டிலில் இருக்கும். எழுத்து பொடியாக இருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் படியுங்கள்.

பசைக்கு முன் அசிட்டோனால் துடைப்பார்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். பக்கத்தில் பீடி, வெல்டிங் எதுவும் கூடாது. சன்னலைத் திறந்து வையுங்கள்.

சில வேலையில் பசைக்குப் பதில் ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம் போடுவார்கள். வெந்நீருக்கு ஏற்ற ரப்பர் வேறு, எண்ணெய்க்கு ஏற்ற ரப்பர் வேறு. வெந்நீருக்குப் போடும் ஈ.பி.டி.எம். ரப்பரில் சாதாரண கிரீஸ் தடவினால் அது ஊதிக் கெட்டுவிடும். சிலிகான் கிரீஸ் தடவலாம்.

பச்சைத் தண்ணீரில் கசியாது, வெந்நீரில் கசியும்

இது ஒரு புதிர் போல இருக்கும். சோதனையில் தேறிய ஜாப், வாங்கியவர் வீட்டில் வெந்நீர் விட்டதும் சொட்டுகிறது.

காரணம், கட்டை ஓர் உலோகம், அடைப்பான் வேறு உலோகம். 304 கட்டைக்குள் 430 என்ற மலிவான எவர்சில்வரில் செய்த அடைப்பானைப் போட்டிருக்கிறார்கள். இரண்டும் பார்க்க ஒன்று போலவே பளபளக்கும். ஆனால் சூட்டில் 304 அதிகம் விரியும், 430 குறைவாக விரியும். 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால், நம் 25 மில்லிமீட்டர் துளை அடைப்பானைவிடச் சுமார் 0.011 அதிகமாக விரிந்துவிடும். நம் மிகக் குறைந்த இறுக்கம் 0.014. அதில் 0.011 போனால் மீதி என்ன? 0.003! அலுமினியக் கட்டையில் 304 அடைப்பான் போட்டாலும் ஏறக்குறைய இதே கதிதான்.

கையில் ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். 430-இல் காந்தம் பட்டென்று பலமாக ஒட்டும். 304-இல் ஒட்டாது, அல்லது லேசாகத்தான் இழுக்கும். வெந்நீருக்குப் போகும் ஜாப்பை வெந்நீரில்தான் சோதிக்க வேண்டும்.

சோதனையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. காற்றழுத்தம் கொடுத்துச் சோதிப்பது ஆபத்து. காற்று வில் போலச் சுருங்கி நிற்கும். அடைப்பான் கழன்றால் குண்டு போலப் பாயும். கைப்பம்பினால் தண்ணீர் அழுத்தம் கொடுத்துச் சோதிப்பது நல்லது. எந்தச் சோதனையிலும் அடைப்பானுக்கு நேரே முகத்தைக் கொண்டுபோகாதீர்கள். அடைப்பானைச் சுற்றி உலர்ந்த துணியால் துடைத்து, காகிதத் துண்டை ஒற்றிப் பாருங்கள். ஈரம் காகிதத்தில் உடனே தெரியும்.

வெந்நீரோ நீராவியோ கையில் பட்டுவிட்டால் பற்பசை, மை, மாவு எதுவும் தடவ வேண்டாம். ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் கையைக் காட்டுங்கள். பிறகு மருத்துவரிடம் போங்கள்.

உங்கள் நோட்டுப் புத்தகம்

கசிந்த ஜாப்புக்கு யார் பொறுப்பு? பல இடங்களில் கடைசியாகக் கை வைத்தவர்மேல்தான் பழி விழுகிறது. பிரஸ்ஸில் இருப்பவர்தான் கடைசி. பெரும்பாலும் குறைந்த கூலிக்காரரும் அவர்தான். துளை பெரிதாக இருந்தது அவருக்குத் தெரியாது. ரிஜக்ட் ஆன ஜாப்பின் விலையை அவர் கூலியில் பிடிப்பார்கள்.

இதற்குச் சட்டத்தில் வரம்பு உண்டு. தொழிலாளியிடம் ஒப்படைத்த பொருள் அவருடைய கவனக்குறைவால் கெட்டிருக்க வேண்டும். அவர் தன் பக்க நியாயத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகுதான் பிடிக்கலாம். நட்டத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது. ஆனால் நியாயத்தைச் சொல்ல என்ன ஆதாரம் இருக்கிறது? வாயால் "அன்னிக்கே சொன்னேனே" என்றால் யார் கேட்பார்கள்?

எழுதி வையுங்கள். இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும். ஒரு பத்து ரூபாய் நோட்டு போதும். தேதி, ஜாப் எண், துளை அளவு, அடைப்பான் அளவு, இறுக்கம், சோதனை முடிவு. ஒரு ஜாப்புக்கு ஒரு வரி. ஒரு வாரம் எழுதினால் எந்த அளவில் கசிகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். மேஸ்திரிக்கும் காட்டலாம். லேத்தில் இருப்பவரோடு சண்டை போடாமல், "அண்ணே, துளை 25.021 தாண்டுது, ரீமர் தேஞ்சிருக்கா பாருங்க" என்று சொல்லலாம்.

பயிற்சி

டிராயிங் அளவு முன்பு சொன்னதுதான். துளை 25.000 முதல் 25.021 வரை. அடைப்பான் 25.035 முதல் 25.048 வரை.

ஜாப் 1: துளை 25.010, அடைப்பான் 25.040
ஜாப் 2: துளை 25.020, அடைப்பான் 25.036
ஜாப் 3: துளை 25.024, அடைப்பான் 25.036
ஜாப் 4: துளை 25.004, அடைப்பான் 25.053

1. ஒவ்வொரு ஜாப்பின் இறுக்கத்தையும் கழித்து எழுதுங்கள்.

2. எந்த இரண்டு ஜாப்பைப் பிரஸ்ஸுக்கு அனுப்பக் கூடாது? ஒன்றில் துளையும் மற்றொன்றில் அடைப்பானும் தவறு. எது எது?

3. ஜாப் 2-இன் அடைப்பானைச் சூடாக இருக்கும்போதே அளந்திருக்கிறார்கள். அது இன்னும் 20 டிகிரி ஆறும் என்றால் சுமார் 0.008 சுருங்கும். மீதி இறுக்கம் எவ்வளவு? அது போதுமா?

4. உங்கள் வீட்டிலுள்ள எவர்சில்வர் பாத்திரங்களில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். எதில் ஒட்டுகிறது, எதில் ஒட்டவில்லை என்று எழுதிக்கொண்டு மையத்துக்கு வாருங்கள்.

விடை: (1) 0.030, 0.016, 0.012, 0.049. (2) ஜாப் 3-இல் துளை பெரிது, ஜாப் 4-இல் அடைப்பான் பெரிது. (3) 0.008, போதாது.